ஓடும் காரில் ஸ்டியரிங் இறுகியது, கம்பெனி 'கோளாறு இல்லை' என்கிறது: என்ன செய்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கார். மழை பெய்த ஒரு மாலை, நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் வேகம், பின்சீட்டில் உங்கள் அப்பா. ஒரு வளைவின் நடுவில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாக இறுகிப்போனது, டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன, வண்டி வளைவோடு திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்பில் உரசி நின்றது. ஏர்பேக் விரியவில்லை, பெரிய அடி யாருக்கும் இல்லை. சாவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டதும் எல்லாம் பழையபடி வேலை செய்தது. சர்வீஸ் சென்டர்காரர்கள் பார்த்துவிட்டு, "கோளாறு எதுவும் இல்லை, ஈரச் சாலையில் வழுக்கியிருக்கும், பதற்றத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நிறுவனம் வண்டியைத் தன் ஆலைக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதாகவும், உரசிய இடத்தை 'நல்லெண்ண அடிப்படையில்' இலவசமாகச் சரிசெய்து தருவதாகவும் சொல்கிறது. அதற்கு ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறது. தப்பு உங்களுடையதா, வண்டியைக் கொடுக்கலாமா, அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குக்கூட. காரணம் தெரியாமல் தானாகச் சரியான கோளாறு சரியானதாகக் கணக்கில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை அவர்களிடம் கொடுக்கலாம், ஆனால் அதன் நினைவகத்தில் இருப்பதை வெளியாள் ஒருவர் பிரதி எடுத்த பிறகு.

சரி, தப்பு யாருடையது? விபத்துக்குள்ளான வண்டிகளை ஆராய்வதுதான் என் வேலை. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு விவரம் சர்வீஸ் சென்டர் சொல்லும் கதையோடு ஒத்துப்போகவில்லை. ஈரச் சாலையில் டயர் தண்ணீரின் மேல் ஏறிப் பிடியை இழந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும். திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று சுற்றும், சக்கரத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். உங்களுக்கு நடந்தது நேர்மாறு: இறுகியது. டயர் சாலையைப் பிடித்துக்கொண்டிருந்தது, திருப்ப உதவும் மோட்டார் கைவிட்டது என்றால்தான் அப்படி இருக்கும். "வழுக்கியிருக்கும்" என்றவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வழுக்கிய வண்டியில் ஸ்டியரிங் ஏன் கனத்தது?

வண்டி நேராகப் போனதற்கும் காரணம் இருக்கிறது. வளைவில் திரும்பியிருக்கும் முன்சக்கரங்கள் எப்போதும் நேர்நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த விசையைப் பெரும்பாலும் மின்மோட்டார்தான் தாங்கிக்கொள்கிறது, உங்கள் கை கொடுப்பது சிறு பங்கு. வளைவின் நடுவில் மோட்டார் நின்றால் அந்த முழு விசையும் ஒரே கணத்தில் கைக்கு வந்து சேரும். கை அதற்குத் தயாராக இருக்காது, ஸ்டியரிங் நேர்நிலையை நோக்கித் திமிறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் 22 மீட்டர் போய்விடுகிறது. அந்த நொடியில் நீங்கள் தடுமாறியதை ஓட்டத் தெரியாதவரின் தவறு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பல ஆண்டு ஓட்டியவருக்கும் அதுதான் நடக்கும்.

இப்போது விளக்குகள். "பல விளக்குகள்" என்று எழுதியிருக்கிறீர்கள், எவை என்று எழுதவில்லை. இதில்தான் பாதி விடை இருக்கிறது. ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு மட்டும் எரிந்திருந்தால் சந்தேகம் ஸ்டியரிங் அமைப்புக்குள்ளேயே: நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார், மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கணினி, அல்லது அங்கே செருகியிருக்கும் ஒரு கனெக்டருக்குள் தண்ணீர். ஸ்டியரிங், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), வழுக்கல் தடுப்பு என்று சம்பந்தமில்லாத விளக்குகள் ஒன்றாக எரிந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை, அதாவது மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். நைந்த பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் விட்டுவிட்டு வேலை செய்வது, பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயர் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருப்பது. ஸ்டியரிங் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும் சாதனம், வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அதன் கணினி உதவியை நிறுத்திவிடும். மழை, வைப்பர், முகப்பு விளக்கு, ஏசி எல்லாம் ஓடும் மாலையில் இது இன்னும் எளிது. மூன்றாவதாக, ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்திருந்தால் இன்ஜினே நின்றுபோயிருக்கலாம். பல வண்டிகளில் இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். அப்படியானால் தேட வேண்டிய இடம் ஸ்டியரிங்கே இல்லை, எரிபொருள் பம்பு, இன்ஜின் சுழல்வதை அளக்கும் கிராங்க் சென்சார், சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் என்று போகும்.

ஆகவே இன்றே உட்கார்ந்து நினைவில் இருப்பதை எழுதுங்கள். அப்பாவையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், இருவரும் பேசி முடிவு செய்த பிறகு அல்ல, அதற்கு முன். இன்ஜின் சத்தம் நின்றதா, முகப்பு வெளிச்சம் மங்கியதா, பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா, வண்டி ஒரு பக்கம் இழுத்ததா, 'டங்' என்று கீழிருந்து சத்தம் கேட்டதா. பேசிக்கொண்டே இருந்தால் இரண்டு நினைவும் கலந்து ஒன்றாகிவிடும், அப்புறம் பிரிக்க முடியாது.

இதில் ஒரு நேர்மையும் வேண்டும். ஓட்டுநரின் நினைவு எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரும் புகார் எழுந்தது. 1989இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. மிதித்தவர்கள் பொய் சொல்லவில்லை, பிரேக்கை மிதித்ததாக உண்மையிலேயே நம்பினார்கள். ஆனால் 2009, 2010இல் டொயோட்டா வண்டிகள் பற்றி அதே மாதிரிப் புகார் வந்தபோது, மிதியில் சிக்கும் தரைவிரிப்பு, திரும்ப எழாமல் ஒட்டிக்கொள்ளும் ஆக்சிலரேட்டர் என்று உண்மையான குறைகள் வெளிவந்து லட்சக்கணக்கான வண்டிகள் ரீகால் செய்யப்பட்டன, அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைத்தது. குறைகளைப் பற்றி மக்களிடம் மறைத்துப் பேசியதற்காக 2014இல் அந்நிறுவனம் 120 கோடி டாலர் கட்டியது. புகார் ஒரே மாதிரி இருந்தாலும் விடை வண்டிக்கு வண்டி வேறு. அதனால்தான் வாதத்தைவிட வண்டியில் பதிவாகியிருப்பது முக்கியம் என்கிறேன்.

'கோளாறு இல்லை' என்று அவர்கள் சொன்னதன் பொருள், வண்டியின் கணினிகள் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, காய்ந்த சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம், அப்போது வரவில்லை என்பதுதான். விட்டுவிட்டு வரும் கோளாறு அதே சூட்டில், அதே ஈரத்தில், அதே அதிர்வில், அதே மின்சுமையில்தான் வரும். அந்த நிலைமையை அவர்கள் உருவாக்கிப் பார்த்தார்களா? வண்டி கிளம்பி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று யாராவது உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் தேடவில்லை என்று அர்த்தம்.

வண்டி எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்கிறேன். முதலாவது ஃபால்ட் கோடுகள். ஒவ்வொரு கணினியும் தான் கண்ட பிழையை ஓர் எண்ணாக எழுதிவைக்கும். பல வண்டிகளில் அந்த நேரத்து வேகம், வோல்டேஜ், வெப்பம் போன்றவற்றையும் சேர்த்து எழுதும், அதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் இவை அழிந்துவிடும். அதோடு, கோளாறு திரும்ப வராமல் வண்டி ஓடிக்கொண்டே இருந்தாலும் பழைய கோடுகள் குறிப்பிட்ட தடவை கிளப்பி ஓட்டி நிறுத்திய பிறகு தானாக அழியும். வண்டியை ஓட்டாதீர்கள் என்பதற்கு இது இரண்டாவது காரணம். பேட்டரியைக் கழற்றுவதும் கூடாது, சில வண்டிகளில் அதுவே அழித்துவிடும்.

இரண்டாவது, விபத்துப் பதிவுக் கருவி. பெரும்பாலும் ஏர்பேக் கணினிக்குள்ளேயே இருக்கும். மோதலுக்கு முந்தைய சில நொடிகளில், பல வண்டிகளில் சுமார் 5 நொடி, வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருந்தது என்பதை வைத்திருக்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் இருக்கும். ஏர்பேக் விரிந்தால் அந்தப் பதிவு பூட்டப்பட்டுவிடும். உங்களுக்கு விரியவில்லை. மோதல் ஓரளவு பலமாக இருந்திருந்தால் பதிவு இருக்கும், ஆனால் அடுத்து ஒரு குலுக்கல் வந்தால் அதன்மேல் எழுதப்படலாம். அதனால் இழுவை வண்டியில் ஏற்றும்போதுகூடக் கவனமாக ஏற்றச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டர் ஏற்கெனவே கோடுகளை அழித்திருக்கும் என்று பயப்படுகிறீர்கள். அழித்திருக்கலாம். பல நேரம் கெட்ட எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால் அழிக்கிறார்கள். ஆனால் பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் முதல் பரிசோதனையின் அறிக்கையைத் தாங்களே சேமித்துவைக்கின்றன, சில நிறுவனத்தின் சர்வருக்கும் அனுப்பிவிடுகின்றன. ஆகவே "கோடு இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "வண்டி வந்த அன்று முதலில் எடுத்த ஸ்கேன் அறிக்கையின் பிரதி வேண்டும், எந்த நேரத்தில் எடுத்தது என்பதோடு" என்று எழுதிக் கேளுங்கள். காரில் சிம் இருந்து கைபேசிச் செயலியோடு பேசும் வகை என்றால், அன்றைய தினம் வண்டி அனுப்பிய தரவையும் கேளுங்கள்.

பிறகு, பாகங்கள். எதை மாற்றினாலும் பழையது உங்கள் கைக்கு வர வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய விவகாரம் காரணம். ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடித்ததோ போதும், ஓட்டத்தின் நடுவே சாவி நழுவி இன்ஜின் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும், பிரேக் உதவி போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2005இலேயே புகார்கள் இருந்தன. சாவிக்கொத்திலிருந்து கனமானதைக் கழற்றச் சொல்லுங்கள் என்று விற்பனையாளர்களுக்குக் குறிப்பு போனது. அப்புறம் அந்த சுவிட்சின் வடிவமைப்பை மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் தாள்களை மட்டும் பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2010இல் நடந்த ஒரு மரணத்தில், குடும்பத்தின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் விபத்துக் காரின் சுவிட்சையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு என்று தெரிந்தது. ரீகால் 2014இல்தான் வந்தது, 26 லட்சம் வண்டிகள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்தப் பழைய சுவிட்சை யாராவது குப்பையில் போட்டிருந்தால் எதுவும் வெளியே வந்திருக்காது.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது. உங்கள் செலவில், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு வாகனப் பொறியாளரை அமர்த்துங்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே முழு ஸ்கேன், படங்கள், முடிந்தால் விபத்துப் பதிவின் பிரதி எடுக்கட்டும். பேட்டரி, ஆல்டர்நேட்டர், எர்த் இணைப்புகளைச் சோதிக்கட்டும். கீழே ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் பால் ஜாயிண்ட், டை ராட், ஸ்டியரிங் ராக் ஆகியவற்றைப் பார்க்கட்டும், டயர் தேய்வை அளந்து குறிக்கட்டும். எதையும் பிரிக்க வேண்டாம். பிரித்தால், "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வரும். பிரிக்கும் வேலை நிறுவனத்தின் ஆளும் உங்கள் ஆளும் ஒன்றாக இருக்கும்போது நடக்கட்டும். ஆலைக்கு எடுத்துப்போக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், என்னென்ன சோதனை, எந்தத் தேதி, உங்கள் ஆள் பக்கத்தில் இருக்கலாமா, கழற்றிய பாகங்கள் யாரிடம் இருக்கும் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும்போது கோபத்தைக் கொட்டாதீர்கள். கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது, ஆனால் அந்தக் கடிதத்தை நாளை வேறொருவர் படிப்பார். சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தேதி, நேரம், வேகம், வானிலை, என்ன நடந்தது, எந்த விளக்கு, அணைத்துப் போட்டதும் என்ன ஆனது, அவ்வளவுதான். காரணத்தை நீங்கள் ஊகிக்காதீர்கள். "கணினி கெட்டுவிட்டது" என்று எழுதினால், கணினி நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்பி விஷயத்தை முடித்துவிடுவார்கள். "ஸ்டியரிங் உதவி ஏன் நின்றது என்பதற்கு எழுத்தில் காரணம் வேண்டும்" என்று கேளுங்கள். இந்த மாடலில் இதே குறை பற்றி சர்வீஸ் சென்டர்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்களா, இந்த சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் அல்லது மென்பொருள் திருத்தம் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் அன்றே, "இன்று நீங்கள் சொன்னது இது" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டையும், அதாவது உங்கள் புகாரை அவர்கள் எழுதிக்கொள்ளும் தாளையும், எடுத்துப் பாருங்கள். 'ஸ்டியரிங் செக்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் ஏற்காதீர்கள், "ஓடும்போது ஸ்டியரிங் இறுகி விபத்து" என்று உங்கள் வார்த்தையில் எழுதவைத்துப் பிரதி வாங்குங்கள். வாரண்டி முடிவதற்குள் இந்தப் பதிவு இருப்பது பிற்பாடு மிகவும் உதவும்.

நிறுவனம் அடுத்து எடுக்கும் ஆயுதம், நீங்கள் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பது. 2002இல் ஜப்பானின் யோகஹாமாவில் மிட்சுபிஷி லாரி ஒன்றின் சக்கரம் கழன்று நடைபாதையில் போன ஓர் இளம் தாய் இறந்தார். பராமரிப்புச் சரியில்லை என்றே நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது, 2004இல்தான் சக்கர ஹப்பில் வடிவமைப்புக் குறை என்று ஒப்புக்கொண்டது. உங்கள் சர்வீஸ் ரசீதுகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். வெளியில் போட்ட ஹாரன், விளக்கு, கேமரா, அலாரம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், இப்போது கழற்றவும் வேண்டாம், உங்கள் பொறியாளர் அதைப் பார்த்து அது காரணமா இல்லையா என்று எழுதட்டும்.

உங்கள் நாட்டில் வாகனக் குறைகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு இருந்தால் அங்கேயும் புகார் கொடுங்கள். உங்களுக்குப் பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. ஆனால் தனித்தனியாக 'கோளாறு இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ரீகால் வரும். அதே மாடல் வைத்திருப்பவர்களைத் தேடிக் கேட்பதும் நல்லதுதான், ஆனால் அவர்கள் சொன்னதை உங்கள் புகாருக்குள் கலக்காதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள், வாகனக் குறை என்று சந்தேகிப்பதாகச் சொல்லியே தெரிவியுங்கள். குறை நிரூபணமானால் தாங்கள் கட்டியதைத் தயாரிப்பாளரிடமிருந்து மீட்க அவர்களுக்கும் வழி உண்டு, அதனால் அவர்கள் உங்கள் பக்கம் நிற்கலாம். ஆனால் அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டால் அது விற்கப்பட்டோ உடைக்கப்பட்டோ போய்விடும், ஆய்வு முடியும்வரை அப்படியே வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நல்லெண்ணத் தாளைப் பொறுத்தவரை, அதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை", "குறை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை", "யாரிடமும் சொல்லக் கூடாது" என்ற மாதிரி வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வழக்கறிஞர் பார்க்காமல் தொடாதீர்கள். இலவசமாகச் சரிசெய்யும்போது உரசிய இடத்தோடு கோளாறின் தடயமும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும்போது ஸ்டியரிங் கனத்தால், பெரும்பாலான வண்டிகளில் அது இன்னும் சக்கரத்தோடு இரும்பால் இணைந்துதான் இருக்கிறது. இரண்டு கையாலும் முழு பலத்தோடு திருப்பினால் திரும்பும், வேகம் குறையக் குறைய இன்னும் கனக்கும். ஓடும்போது சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள், இன்ஜின் நின்றிருந்தால் பிரேக் உதவி ஓரிரண்டு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். வண்டி தானாகப் பாய்ந்தால் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், இன்ஜின் எவ்வளவு அலறினாலும் பரவாயில்லை.

கடைசியாக, எப்போது திரும்ப ஓட்டலாம் என்பது. "சரிசெய்துவிட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது. எந்தப் பாகம், அதில் என்ன குறை, அந்தக் குறையால் ஸ்டியரிங் எப்படி நின்றது, மாற்றிய பிறகு மழையிலும் முழு மின்சுமையிலும் என்ன சோதனை செய்தார்கள், இந்த நான்கும் எழுத்தில் வர வேண்டும். காரணமே சொல்லாமல் முன்னெச்சரிக்கையாக ஸ்டியரிங் ராக் முழுவதையும் மாற்றித் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளலாம், பழையது உங்களிடம் இருக்கும் என்ற நிபந்தனையோடு. ஆனால் எர்த் ஒயரில் இருக்கும் கோளாறு ராக்கை மாற்றினால் போகாது, அதனால் உங்கள் பொறியாளரின் மின்சோதனை முடிவு வரும்வரை அந்த வண்டியில் அப்பாவை ஏற்றாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள்.